சூரியனுக்குச் சம்பளம், நிலாவுக்கு மொட்டை மாடி

திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1875-இல். இன்றைக்குக் கொடை ரோடு என்கிற ஸ்டேஷன் இருக்கும் ஊர் அம்மையநாயக்கனூர். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் போல, கொடைக்கானல் மலைக்குப் போக வேண்டியது எதுவானாலும், துரையோ துரைசானியோ பியானோவோ, அங்கே இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கி மாட்டுவண்டி ஏறினால் ராத்திரி முழுக்க மேற்கே பயணம். பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பில் பொழுது விடியும். அங்கிருந்து ஆள் என்றால் டோலி, நாற்காலி, மட்டக்குதிரை. சாமான் என்றால் கூலியாள் தலை. மோட்டார் ஏறுகிற மலைச்சாலை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் வந்தது.

ஸ்டேஷனை விட்டு வத்தலக்குண்டு சாலையில் மேற்கே திரும்பினால் முதலில் வருகிற பெரிய ஊர் நிலக்கோட்டை. எங்கள் ஊர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் அம்மையநாயக்கனூரில் இறங்கிய மூட்டை முடிச்சுகளில் சில பெட்டிகள் வேறு தினுசு. வைக்கோலும் பஞ்சும் அடைத்து, உள்ளே கண்ணாடி லென்ஸும் பித்தளைக் குழாயும். சென்னையில் நுங்கம்பாக்கத்தில் இருந்த வானியல் ஆய்வுக்கூடத்தின் சரக்கு அது. வண்டிக்காரர்களிடம் ‘மெல்ல ஓட்டு’ என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் இந்த ஊரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன். அப்பா ஆரம்பித்த ஸ்டுடியோ. வயதான காலத்தில் எட்டு இஞ்ச் டெலஸ்கோப் ஒன்று வாங்கி மொட்டை மாடியில் வைத்து நிலாவைப் படம் எடுக்கிறேன். கடைக்கு பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வருகிறவர்கள் சுவரில் மாட்டியிருக்கிற நிலாப் படங்களைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “கொடைக்கானல்லதான் அம்மாம் பெரிய டெலஸ்கோப் இருக்கே, அவுக எடுக்காத நெலாவாண்ணே?”

அவர்கள் எடுப்பது சூரியனை. நூறு வருஷத்துக்கு மேலாக, மேகம் விட்ட நாளெல்லாம் காலையில் சூரியனைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நிலாவைப் படம் எடுக்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்ததாக அந்த மலையின் சரித்திரத்தில் நான் படித்ததில்லை. ஏன் இப்படி என்று தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காரணம் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தை எங்கள் பக்கத்துக் கிழவிகள் என் சின்ன வயதில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்ததல்ல, அவர்களுடைய பாட்டிகள் சொன்னது. லட்சக்கணக்கில் ஜனம் செத்தது. மழை ஏன் பொய்த்தது என்று சர்க்கார் கணக்குப் போட உட்கார்ந்தது. வில்லியம் ஹண்டர் என்ற புள்ளிவிவர அதிகாரி சென்னையின் மழைக் கணக்கை எடுத்து, சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறைவதோடு ஒட்டிப் பார்த்தார். புள்ளி குறைகிற காலத்தில் தென்னிந்தியாவில் பஞ்சம் வருகிறது என்று 1877-இல் எழுதினார். அதே வருஷம் நார்மன் லாக்யர் என்ற வானியலாளரும் அவருமாகச் சேர்ந்து லண்டன் பத்திரிகையில் இதையே விரித்து எழுதினார்கள். புள்ளியை எண்ணினால் மழையை முன்கூட்டிச் சொல்லலாம், மழையைச் சொன்னால் பஞ்சத்தை மட்டுமல்ல, நிலவரியையும் கணக்குப் போடலாம். 1878-இலேயே டேராடூனில் தினமும் சூரியனைப் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அதற்கு இன்னும் நல்ல இடம் தேடினார்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்த மிச்சி ஸ்மித் பழநி மலைகளிலும் நீலகிரியிலும் ஏறி இறங்கி வானத்தின் தெளிவை அளந்து பார்த்துவிட்டு, கொடைக்கானலைச் சொன்னார். 1895-இல் கவர்னர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899-இல் அது இந்திய சர்க்காரின் வானிலைத் துறைக்குக் கீழே போனது. மழையைச் சொல்கிற துறைக்குக் கீழே! கொடைக்கானலை எதற்காகக் கட்டினார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பாரிஸில் 1850-இல் செய்து சென்னைக்கு வந்த ஆறு இஞ்ச் லென்ஸ் டெலஸ்கோப் ஒன்றை 1898-இல் டப்ளின் கிரப் கம்பெனி திருத்திக் கொடுத்திருந்தது. அதில்தான் 1904 முதல் தினசரிச் சூரியப் படம். கண்ணாடித் தட்டில் 20 சென்டிமீட்டர் விட்டத்துக்கு முழுச் சூரியன். ஒரு ஸ்டுடியோக்காரனாகச் சொல்கிறேன், அந்தத் தட்டுகளைப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது விஞ்ஞானத்துக்கு முன்னால் ஒழுங்கு. தட்டைச் சட்டத்தில் மாட்டு, எடு, டெவலப்பரில் போடு, ஹைப்போவில் போடு, கழுவு, காயவை, ஓரத்தில் தேதி நேரம் எழுது, உறையில் போட்டு அடுக்கு. மறுநாள் மறுபடி. கல்யாண சீசனில் ஒரு மாதம் இப்படி வேலை பார்த்தாலே எங்களுக்கு விரல் நகமெல்லாம் ஹைப்போவில் பழுப்பாகிவிடும்.

மழைக் கணக்கு என்னவோ கடைசிவரை அமையவில்லை. ஆனால் பலன் வேறு இடத்தில் கிடைத்தது. ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் 1907-இல் உதவி இயக்குநராக மலைக்கு வந்தார். 1909 ஜனவரி 5-ஆம் தேதி எடுத்த நிறமாலைப் படங்களில், கரும்புள்ளியின் நடுவிலிருந்து வாயு நாலாபுறமும் வெளியே பாய்கிறது என்பதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க இன்றைக்கும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். இதில் எனக்குப் பிடித்த சங்கதி, அவர் உத்தியோகத்துக்கு வருமுன் தனியார் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே தன் வீட்டுத் தோட்டத்தில் சொந்தச் செலவில் டெலஸ்கோப் வைத்திருந்த ஆள். என்னைப்போல. அவர் அறிவைச் சொல்லவில்லை, ஏற்பாட்டைச் சொல்கிறேன்.

நிலாவுக்கு வருகிறேன். புகைப்படம் என்ற ஒன்று வந்த நாளிலிருந்து நிலாவைப் படம் எடுத்தவர்களில் பலருக்கு அது பிழைப்பு அல்ல. 1840-இல் நியூயார்க்கில் வெள்ளித் தகட்டில் நிலாவைப் பதித்த டிரேப்பர் ரசாயனப் பேராசிரியர். தகட்டுக்கு வேகம் போதாமல் 20 நிமிஷம் வெளிச்சம் காட்ட வேண்டியிருந்தது. லூயிஸ் ரூதர்ஃபர்ட் வக்கீல். ஜேம்ஸ் நாஸ்மித், நீராவிச் சம்மட்டி செய்த இரும்புப் பட்டறைக்காரர். அவர் 1874-இல் போட்ட நிலாப் புத்தகத்தைப் பற்றிப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். டெலஸ்கோப்பில் கண்ணால் பார்க்கிற நுணுக்கம் அன்றைய தட்டில் விழவில்லை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பார்த்துப் பார்த்து வரைந்து, அதை வைத்துப் பாரிஸ் சாந்தில் நிலாவின் மலைகளையும் குழிகளையும் பொம்மையாகச் செய்து, வெயிலில் சாய்த்து வைத்துப் போட்டோ எடுத்துவிட்டார். செட் போட்டுப் படம் எடுப்பது ஸ்டுடியோ புத்திதானே.

எங்கள் தொழில்காரர் ஒருவரும் இந்தக் கூட்டத்தில் உண்டு. ஜான் ஆடம்ஸ் விப்பிள், பாஸ்டன் நகரத்தில் ஸ்டுடியோ வைத்து முகங்களைப் படம் எடுத்துச் சம்பாதித்தவர். ஹார்வர்டு ஆய்வுக்கூடத்தின் 15 இஞ்ச் டெலஸ்கோப்பில் அங்கிருந்த வானியலாளர் பாண்டுடன் சேர்ந்து 1851-இல் அவர் எடுத்த நிலா, அதே வருஷம் லண்டன் உலகக் கண்காட்சிக்குப் போய்ப் பரிசு வாங்கியது.

அந்தக் கண்காட்சியில் கடை போட்டிருந்த கம்பெனிகளில் ஒன்று டி லா ரூ. சீட்டுக்கட்டும் எழுதுதாளும் விற்கிற குடும்பம். கடிதக் கூடு மடிக்கிற யந்திரத்தைக் காட்ட வந்த வாரன் டி லா ரூ, விப்பிளின் நிலாவைப் பார்த்து அதன்மேல் பித்தாகிவிட்டார். அடுத்த பத்து வருஷம் சொந்தக் காசில், கண்ணாடியில் பசை தடவி ஈரம் காயுமுன் எடுத்துக் கழுவ வேண்டிய கொலோடியன் முறையில், அன்றைக்கு யாரும் எடுக்காத நிலாப் படங்களை எடுத்தார். ஆரம்பத்தில் டெலஸ்கோப்பை நிலாவோடு நகர்த்த கடிகார விசைகூட இல்லை, கையாலேயே திருப்பிக்கொண்டிருந்தாராம். ஈரம் காயுமுன் என்பது இங்கிலாந்துக் குளிரில் சொல்கிற பேச்சு. நம் ஊர் வெயிலில் இந்த முறையில் படம் எடுத்தவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று அப்பா அடிக்கடி சொல்வார்.

இந்த டி லா ரூ கம்பெனிதான் 1855 தொடங்கி எழுபது வருஷம் இந்தியாவின் தபால் தலைகளை அச்சடித்தது. நிலக்கோட்டையிலிருந்து அந்தக் காலத்தில் யார் கடுதாசி போட்டாலும் மூலையில் ஒட்டியது அந்த வீட்டுச் சரக்கு. அதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. நிலாப் படத்தால் பெயர் வாங்கிய வாரனைக் கூப்பிட்டு, சூரியனைத் தினமும் படம் எடுக்க ஒரு கருவி வடிவமைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். லண்டன் பக்கம் கியூ என்ற இடத்தில் 1857-இல் அது ஏறியது. டேராடூனில் சூரியனைப் பிடித்தது அந்த வம்சத்துக் கருவிதான். ஆசைக்கு நிலாவை எடுத்தவன் கையிலிருந்துதான் சர்க்காரின் சூரிய உத்தியோகமே பிறந்தது.

நம் பக்கம் நிலாவுக்கு வேறு ஆள் இருந்தார். பஞ்சாங்கக்காரர். படம் எடுக்கவில்லை, பார்க்கக்கூட இல்லை; கணக்குப் போட்டார். வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1768-இல் பாண்டிச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக்காரர் லெ ஜான்தீய், அந்த நாளில் மேகம் மூடிக் கோட்டை விட்டார். ஆனால் அங்கே ஒரு தமிழரிடம் கிரகணக் கணக்குக் கற்றுக்கொண்டு போனார். 1765 ஆகஸ்டு 30-ஆம் தேதி நடந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று தமிழ்க் கணக்குப்படி பார்த்தபோது 41 விநாடிதான் பிசகு. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணை 68 விநாடி பிசகியது.

அறுபது வருஷம் கழித்து அதே பாண்டிச்சேரியில் ஜான் வாரன் என்ற அதிகாரி இன்னொரு பஞ்சாங்கக்காரரைப் பிடித்தார். 1825 மே 31 இரவு நடக்கவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டச் சொன்னார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிச் சோழிகளை நகர்த்தி, ஏடோ தாளோ இல்லாமல் போட்டுக் கொடுத்தார். தொடக்கம் 4 நிமிஷம் பிசகு, நடு 23, முடிவு 52. அவருக்கு எதற்கு எந்த வாக்கியம் என்ற காரணம் தெரியாது என்று வாரன் குறைப்பட்டுக்கொண்டார். காரணம் தெரிந்த வாரனால் ஒரு சோழிகூட நகர்த்த முடிந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

டெலஸ்கோப்புக்கும் பஞ்சாங்கத்துக்கும் பாலம் போட்டவர் ஒருவர் உண்டு. சென்னை ஆய்வுக்கூடத்தில் சின்னப் பையனாகச் சேர்ந்து முதல் உதவியாளர் வரை உயர்ந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகிற திருக்கணிதப் பஞ்சாங்கம் வேண்டும் என்று அவரே போட்டார். வாக்கியமா திருக்கணிதமா என்று எங்கள் தெருவில் ஆடி அமாவாசைக்கு இன்றைக்கும் நடக்கிற தகராறில் அவர் பெயரை யாரும் இழுப்பதில்லை, பாவம்.

1868-இல் குண்டூரிலும் 1871-இல் நீலகிரியிலும் முழுச் சூரிய கிரகணத்தைப் படம் எடுக்க வெள்ளைக்காரர்கள் வந்து குவிந்தார்கள். எல்லாருக்கும் குறி சூரியன்தான். அந்தப் படங்களின் நடுவிலும் நிலா இருக்கிறது, கறுப்பு வட்டமாக. அழையாத விருந்தாளிக்குத் தனி இலை யார் போடுவார்?

கொடைக்கானலில் நிலாவை நினைத்த ஒருவர் இருந்திருக்கிறார் என்றால் அது சம்பளம் வாங்காதவர்தான். எவர்ஷெட்டின் மனைவி மேரி. கல்யாணத்துக்கு முன்பே தெற்கு வானத்து விண்மீன்களுக்கு ஒரு கையேடு எழுதியவர். 1907-இலிருந்து 1923 வரை மலையில் இருந்தார். சூரியனின் விளிம்பில் எழும் தீநாக்குகளைப் பற்றிக் கணவரோடு சேர்ந்து ஆய்வு எழுதினார். இத்தாலியக் கவி தாந்தேயின் வானியல் அறிவைப் பற்றித் தனிப் புத்தகம் ஒன்றும் எழுதினார். ஊருக்குத் திரும்பிய பிறகு, ஆர்வலர்கள் நடத்திய பிரிட்டிஷ் வானியல் சங்கத்தின் சரித்திரப் பிரிவுக்குத் தலைமை ஏற்று, நிலாவின் குழிகளுக்குச் சூட்டிய பெயர்கள் யார் யாருடையவை என்று தேடித் தொகுக்க வைத்தார். 1938-இல் அது வெளிவந்தது. நான் ஒரு குழியைப் படம் எடுத்து, இது யார் பேர் என்று தேடும்போதெல்லாம் நடக்கிற பாதை அந்த அம்மாள் போட்டது.

ராத்திரி வானம் அந்த மலையை விட்டே போய்விட்டது. 1912-இல் புனேயிலிருந்து 20 இஞ்ச் கண்ணாடி ஒன்று, பவநகர் மகாராஜா கொடுத்த பணத்தில் வாங்கியது, கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் இரண்டு பருவமழையும் அடிக்கிற மலை; சாயங்காலமானால் மஞ்சு மூடும். 1960-இல் இயக்குநராக வந்த வைணு பாப்பு, இரவு வானத்துக்கு வேறு இடம் தேடி ஜவ்வாது மலையில் காவலூரைப் பிடித்தார். அங்கே போய்ச் சேர்ந்த கருவிகளில் ஒன்றுக்கு ஒரு கதை உண்டு. வங்காளத்தில் கஜானாவில் காசு எண்ணுகிற குமாஸ்தாவாக இருந்த ராதாகோவிந்த சந்திரா, ராத்திரிகளில் ஒளி மாறும் விண்மீன்களைக் கணக்கெடுத்து அமெரிக்க ஆர்வலர் சங்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அதை மெச்சி அவர்கள் ஆறு இஞ்ச் டெலஸ்கோப் ஒன்றைக் கப்பலில் அனுப்பினார்கள். அவர் பார்த்து முடித்ததும் அது பாப்புவின் கைக்குப் போய், கடைசியில் காவலூருக்கு வந்தது.

ஆக, மேற்கே மலைமேல் பகல் வேலை. வடக்கே ஜவ்வாதில் தூரத்து நட்சத்திரம். நடுவில் நிலாவுக்கு மொட்டை மாடிதான் மிச்சம். சொல்லப்போனால் எங்கள் ஊர் அதற்கு வசதி. கிழக்கே சிறுமலைக்குப் பின்னாலிருந்து ஏறுகிறது, மேற்கே கொடைக்கானல் மலைக்குப் பின்னால் இறங்குகிறது. மேகத்தையெல்லாம் மேற்கு மலை பிடித்து வைத்துக்கொள்வதால் மலையில் தூறும்போது இங்கே வானம் திறந்திருக்கும். பத்து டிகிரி அட்சரேகை என்பதால் நிலா பெரும்பாலும் தலைக்கு மேலேயே போகும், காற்றின் கலக்கம் குறைவு. கழுத்து வலிதான் மிச்சம்.

மாடியில் தட்டோடு பதித்திருக்கிறோம். பகலெல்லாம் குடித்த வெயிலை அது ராத்திரி ஒன்பது மணி வரை கக்கும். டெலஸ்கோப்பில் பார்த்தால் நிலாவின் விளிம்பு நடுங்கும். ஆறு மணிக்கே நாலு குடம் தண்ணீர் ஊற்றி, கருவியை வெளியே வைத்துக் கண்ணாடியை ஆறவிட்டால் பத்து மணிக்குப் படம் நிற்கும். கேமராவை நேராக டெலஸ்கோப்பில் மாட்டினால் நிலாவின் பிம்பம் எவ்வளவு பெரிதாக விழும் என்பதற்கு ஒரு சுளுவான கணக்கு உண்டு: குவியத் தூரத்தை 110-ஆல் வகு. என்னுடையது 1200 மில்லிமீட்டர், நிலா 11 மில்லிமீட்டர். அப்பா வைத்திருந்த 200 மில்லிமீட்டர் டெலி லென்ஸில் ஊட்டி இந்து ஃபிலிமில் எடுத்தால் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது, கடுகு சைஸ். இப்போது வீடியோவாக ஓடவிட்டு, காற்று அடங்கின நேரத்து ஃபிரேம்களை மட்டும் கம்ப்யூட்டர் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொடுத்துவிடுகிறது. விப்பிள் கேட்டால் அழுதுவிடுவார்.

ஆனால் வெளிச்சத்தைப் பற்றிய பாடம் எனக்கு ஸ்டுடியோவில் கிடைத்ததுதான். மாப்பிள்ளைப் படம் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அப்போது அம்மைத் தழும்பு இருக்கும். “மொகத்துல வெளிச்சத்த நேரா அடிடா, பள்ளமெல்லாம் அமுங்கிரும்” என்பார் அப்பா. அப்படியும் தெரிகிற பள்ளத்தை நெகட்டிவில் டச்சிங் செய்ய வேண்டும். நெகட்டிவைச் சாய்வுப் பலகையில் வைத்து, பின்னால் வெளிச்சம் விட்டு, மேலே மீடியம் தடவி, ஊசிபோலச் சீவின பென்சிலால் ஒவ்வொரு பள்ளத்தின் நிழலையும் புள்ளி புள்ளியாக நிரப்புவோம். கை அழுந்தினால் பிரிண்டில் வெள்ளைத் திட்டு விழும். இப்படி ஆயுசு முழுக்கப் பள்ளத்தை மறைத்தவன், நிலாவில் பள்ளத்தைத் தேடி அலைகிறேன். பௌர்ணமி நிலா நேராக ஃபிளாஷ் அடித்த மாப்பிள்ளை முகம்தான். வழவழவென்று இருக்கும், ஒன்றும் தெரியாது. வெயிலும் இருட்டும் சந்திக்கிற ஓரத்தில் பக்கவாட்டு வெளிச்சம் விழுகிறபோதுதான் குழிகளின் கரை நிழல் விரித்து நிற்கும். வளர்பிறை அஷ்டமி, நவமியில் நடுவில் வரிசையாக மூன்று பெருங்குழிகள்: டாலமேயஸ், அல்ஃபோன்சஸ், அர்ஸகேல். தசமிக்குக் கோபர்நிகஸ், 93 கிலோமீட்டர் அகலம், படி படியாக இறங்குகிற கரையோடு.

2019 டிசம்பர் 26-ஆம் தேதி காலை கங்கண சூரிய கிரகணம் திண்டுக்கல் மேலேயே போனது. ஒன்பதரை மணிக்கு மூன்று நிமிஷம் போல நெருப்பு வளையம். ஊரே, டிவிக்காரர்கள் உள்பட, வளையத்தைப் படம் எடுத்தது. நான் எடுத்த படத்துக்கு ‘நிலா, பகலில்’ என்று பெயர் எழுதி மாட்டினேன். அமாவாசை நிலாவைப் பார்க்க வேறு வழி ஏது?

நிலாவின் பின்பக்கம் பூமியிலிருந்து யாருக்கும் தெரியாது. 1959 அக்டோபரில் ரஷ்யாவின் லூனா 3 விண்கலம் சுற்றிப் போய் முதலில் அதைப் படம் எடுத்தது. எடுத்தது ஃபிலிமில். விண்கலத்துக்குள்ளேயே ஒரு குட்டி இருட்டறை. அதுவே ஃபிலிமைக் கழுவி, ஹைப்போ போட்டு, காயவைத்து, பிறகு விளக்கில் காட்டி வரி வரியாகப் படித்து வானொலியில் அனுப்பியது. இந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எங்கள் இருட்டறையைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தேன். அந்தப் பின்பக்கக் குழிகளுக்குப் பெயர் வைத்தபோது ஒன்றுக்கு எவர்ஷெட், இன்னொன்றுக்குச் சென்னை ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் இருந்த போக்சன். எங்கள் மலைக்காரர் பெயரை எங்கள் மாடியிலிருந்து எடுக்க முடியாது. முன்பக்கத்தில் நம் ஆளாக ராமன் இருக்கிறார். அரிஸ்டார்க்கஸ் என்ற பளிச்சென்ற குழிக்குப் பக்கம், பத்துக் கிலோமீட்டர் சில்லறை அகலத்தில். துவாதசி, திரயோதசிக்கு வெயில் அங்கே போய்ச் சேரும். நிலாவில் வெள்ளையாகத் தெரிகிற மேட்டு நிலத்துப் பாறைக்கு அனார்த்தோசைட் என்று பெயர். அதே சாதிப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடக்கிறது. இஸ்ரோ அதை வாங்கி அரைத்து நிலா மண் மாதிரி பரப்பிச் சந்திரயான் வண்டியை ஓட்டிப் பார்த்தது.

நிலாவுக்கு யாரும் காசு கொடுத்ததில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எங்கள் ஊர் பூ மார்க்கெட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். வளர்பிறை முகூர்த்தம் என்றால் மல்லி விலை எகிறும், தேய்பிறையில் விழும். நிலாவைத் தினமும் கணக்கு வைத்திருப்பவர்கள் இங்கே அவர்கள்தான். போன வைகாசியில் கமிஷன் கடைக்காரர் ஒருவர் வந்து, கடையில் மாட்ட நிலாப் படம் பெரிதாக வேண்டும் என்றார். பௌர்ணமிப் படத்தைக் காட்டினேன்.

“அது வேணாண்ணே. முழுசாயிருச்சுன்னா மறுநாளே தேய்பிறைதான? வளந்துக்கிட்டு இருக்கிற நெலாவா பாத்துக் குடுங்க.”

என்னிடம் இருப்பதிலேயே நல்லதை எடுத்துக் காட்டினேன். மூன்று குழிகளும் கண்ணில் குத்துகிற மாதிரி நிற்கிற படம். என்றைக்கு எடுத்தது என்றார். அஷ்டமி என்றேன். படத்தைத் திருப்பி மேஜையில் வைத்துவிட்டார். அடுத்தது நவமி. அதைக் கையிலேயே வாங்கவில்லை. கடைசியில் தசமிக்கு ஒத்துக்கொண்டார். கீழே ‘வளர்பிறை தசமி’ என்று பெரிய எழுத்தில் போட்டு, 12-க்கு 18 பிரிண்ட் அடித்து, கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். படத்துக்குச் சொன்ன விலையை அப்படியே கொடுத்தார். ஃபிரேமுக்குத்தான் பேரம் பேசினார்.